நெடுநாள் வைப்பில் கிடந்த .315 ரைபிள்: உரிமத்தாளில் தொடங்கித் தோட்டா வரை

சத்தியமங்கலம், அந்தியூர், மேட்டுப்பாளையம், ஆனைமலை அடிவாரங்களில் பண்ணையம் பார்க்கும் குடும்பங்கள் பலவற்றில், அப்பாருவோ பெரியப்பாவோ உரிமம் பெற்று வாங்கிய துப்பாக்கி ஒன்று இன்றும் இருக்கிறது. பெரும்பாலும் அது 12 போர் (குழலின் உள்ளளவு) இரட்டைக்குழலாகவோ இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைபிளாகவோ இருக்கும். உரிமதாரர் காலமான பிறகு அல்லது ஒரு தேர்தலுக்காக ஒப்படைத்த பிறகு, காவல் நிலையத்து அறையிலோ ஆயுதக் கடையிலோ ஆண்டுக்கணக்கில் கிடந்த ரைபிள் திரும்பக் கைக்கு வரும்போது, தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடும் இரும்புத் தண்டான போல்ட் நகராது. நகர்ந்தால் தோட்டா ஏறாது. ஏறினால் வெளியே வராது. எங்கள் குடும்பத்து ரைபிளை என் பெயருக்கு மாற்றி, மீட்டு, ஒழுங்குக்குக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுவது கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் .315 ரைபிளைப் பற்றியது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள்கள் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்பவை. அப்படி ஒன்று உங்கள் குடும்பத்தில் இருந்தால் அது மத்திய உள்துறை அமைச்சகம் வரை செல்லும் விவகாரம், இந்தக் கட்டுரை அதற்குப் போதாது.

1. உரிமம் உங்கள் பெயரில் வரும்வரை ரைபிளைத் தொடாதீர்கள்

உரிமதாரர் இறந்த அன்றே அந்த உரிமம் மற்றவர்களுக்குப் பயன்படாத தாளாகிவிடுகிறது. மகன், மகள், மனைவி யாராக இருந்தாலும், வீட்டில் இருக்கும் ரைபிளையும் தோட்டாக்களையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. காரியம் முடியட்டும், பாகப்பிரிவினை முடியட்டும் என்று பீரோவில் வைத்திருப்பது உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த குற்றமாகவே கொள்ளப்படும். 2019இல் நடந்த திருத்தத்திற்குப் பிறகு அதற்கான தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாத சிறை.

வாரிசுக்கு உரிமம் வழங்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் தனி வழி இருக்கிறது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதேகூட, அவருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ அந்த ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வீட்டில் வயதான உரிமதாரர் இருந்தால் இப்போதே இதைச் செய்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். அவர் நேரில் வந்து கையெழுத்திடும்போது முடிகிற வேலை, அவர் மறைந்த பிறகு அதைவிடப் பன்மடங்கு தாள்களைக் கேட்கும்.

கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் குடியிருந்தால் காவல் ஆணையர் அலுவலகத்திலும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். வேண்டிய தாள்கள்: படிவம் ஏ-1, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஒவ்வொருவரும் ஆட்சேபம் இல்லை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி, பழைய உரிமப் புத்தகம், ஒப்படைப்பு ரசீது, வயது 21 நிறைந்ததற்கான சான்று, ஆதார், புகைப்படங்கள், மருத்துவரின் உடல்நல, மனநலச் சான்றான படிவம் எஸ்-3, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான படிவம் எஸ்-1.

இவற்றில் காலத்தை விழுங்குபவை இரண்டு. ஒன்று வாரிசுச் சான்றிதழ்: இ-சேவை மையக் கட்டணம் 60 ரூபாய்தான், ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைத் தாண்ட வேண்டும்; ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மனு திரும்பி வரும். மற்றொன்று, திருமணமாகி வெளியூரில் இருக்கும் அத்தைமார், அக்கா, தங்கையரின் ஆட்சேபமின்மை உறுதிமொழி. சொத்தில் மனக்கசப்பு இருக்கும் குடும்பங்களில் இந்த ஒரு கையெழுத்துக்காகவே ரைபிள் பல ஆண்டு கிடந்துவிடுகிறது. துப்பாக்கியை நிலப் பேச்சோடு சேர்க்காமல், தனியாக முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் சேர்ந்த பிறகு காவல்துறையின் அறிக்கையும் வருவாய்த்துறையின் அறிக்கையும் கேட்கப்படும். காட்டை ஒட்டிய ஊராக இருந்தால் வனத்துறையின் கருத்தும் சேரும். காவல்துறை அறிக்கைக்கு விதிகள் 30 நாள் தருகின்றன, என்றாலும் முழு வேலைக்கும் சில மாதங்கள் ஆகும் என்று எண்ணித் தொடங்குவதே நல்லது. தேர்தல் அறிவிப்பு குறுக்கே வந்தால் புதிய உரிமம் எதுவும் வழங்கப்படாது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும், மார்ச் 16 அறிவிப்பிலிருந்து ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை வரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. அடுத்த தேர்தல் எப்போது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. பழைய உரிமப் புத்தகத்தில் தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண், அதாவது யு.ஐ.என்., ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத புத்தகம் செல்லாது. மேலும், ஒருவர் பெயரில் இப்போது இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் இருக்க முடியாது, வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் மூன்றாவதை வேறு வாரிசின் பெயரில் கேட்க வேண்டும்.

கட்டணம் ஆயுத வகைக்கு ஏற்ப ஆண்டுக் கணக்கில் வரும். உரிமம் 5 ஆண்டுக்கு என்பதால் மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட வேண்டியிருக்கும்.

2. வைப்பிலிருந்து எடுக்கும் நாளில்

உரிமத்தையும் ஒப்படைப்பு ரசீதையும் எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். ரசீதில் உள்ள தயாரிப்பு, போர் அளவு, உடல் எண், தோட்டா எண்ணிக்கை நான்கையும் ரைபிளோடு அங்கேயே ஒத்துப்பாருங்கள். போல்ட்டில் பொறித்துள்ள எண்ணையும் தவறாமல் பாருங்கள். ஒரே அறையில் பல ரைபிள்கள் கிடக்கும்போது போல்ட்கள் தனியே கழற்றி வைக்கப்பட்டு, திரும்பக் கொடுக்கையில் மாறிவிடுவதுண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், உள்ளேயும் நுழையும். ஆனால் அது உங்கள் ரைபிளுக்கு அளந்து பொருத்தியது அல்ல. எண் மாறியிருந்தால் கையெழுத்திட்டு வாங்கி வராமல், அங்கேயே எழுதிக் கொடுத்து உரியதைக் கேளுங்கள்.

ஆயுதக் கடையில் வைத்திருந்தால் மாத வாடகை சேர்ந்திருக்கும். ஒப்படைக்கும்போதே மாதத்துக்கு எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்காதவர்கள் எடுக்கும்போது பெரிய தொகையைக் கேட்டு அதிர்ச்சியடைகிறார்கள்.

ரைபிளை உறையிலிட்டு, தோட்டாவைத் தனிப்பெட்டியில் வைத்து, அசல் உரிமத்தோடு நீங்களே எடுத்து வாருங்கள். பழுதுபார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ வேறொருவர் எடுத்துச்செல்ல நேர்ந்தால், உரிமதாரர் உடன் இருக்க வேண்டும் அல்லது அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் எடுத்துச்செல்பவரிடம் இருக்க வேண்டும். காரோட்டியிடம் வெறுமனே கொடுத்தனுப்புவது குற்றம்.

3. பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் எந்த இரும்புப் பாகத்தையும் பார்த்த மாத்திரத்தில் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. பம்பு செட்டின் உதிரிபாகம் முதல் நூற்பாலை இயந்திரத்தின் கதிர் வரை அங்கேதான் கடைகிறோம். அதே பழக்கத்தில், இறுகிய போல்ட்டைத் தெரிந்த பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆயுதத்தைப் பழுதுபார்க்க அதற்கென்றே உரிமம் வேண்டும் என்பது சட்டத்தின் 5ஆம் பிரிவு. அதை மீறியதற்கான தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாத சிறையில் தொடங்கி ஆயுள் வரை செல்கிறது, அந்தத் தண்டனை உங்கள்மேல் நம்பிக்கை வைத்து வேலையை ஏற்ற அந்த மனிதருக்கு வரும். ஒரு ஸ்பிரிங்கைக்கூட அங்கே மாற்றாதீர்கள். பழுதுபார்க்கும் உரிமமும் சேர்ந்து உள்ள ஆயுதக் கடைதான் வழி. வாசலில் மாட்டியிருக்கும் உரிமத்தில் பழுதுபார்ப்பு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது துடைப்பது, எண்ணெயிடுவது, பார்ப்பது. இதற்குமேல் எதுவும் இல்லை.

4. காலியாக இருக்கிறதா, குழல் திறந்திருக்கிறதா

ஆளில்லாத திசையில், மண்மேட்டை நோக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு, விரலை விசைக்கு வெளியே வைத்து, போல்ட்டை முழுதாகப் பின்னுக்கு இழுங்கள். தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினையும் தோட்டா அறையையும் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். மங்கிய பித்தளை இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. போல்ட் திறக்கவே இல்லையென்றால், உள்ளே தோட்டா இருக்கிறது என்றே கொண்டு, சுத்தியலாலும் மரக்கட்டையாலும் தட்டாமல் அப்படியே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து குழல். போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். வட்டமான வெளிச்சமும் சுருள் வரிகளும் தெரிய வேண்டும். நம் ஊரில் குளவி கூடு கட்டாத துளை கிடையாது. ஓட்டையான சாவித்துவாரத்திலும் பழைய மின்குழாயிலும் மண்ணை வைத்து அடைப்பதுபோல், வாய் திறந்து நிற்கும் ரைபிள் குழலுக்குள்ளும் அடைத்துவிடும். சிலந்தி வலை, முறிந்த துணித்துண்டு, கெட்டியான கிரீஸ் எதுவும் அந்த வேலையைச் செய்யும். அடைப்போடு ஒரு தோட்டா வெடித்தால் குழலே பிளக்கும், அதன்பின் முகத்துக்கு எதிரில் நிற்பது போல்ட் மட்டும்தான். ரைபிள் வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே இதைப் பார்க்க வேண்டும்.

5. பழைய எண்ணெயை எடுத்தல்

நெடுநாள் கிடந்த ரைபிளின் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு படியில் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. வைப்புக்கு முன் பூசிய எண்ணெயும் கிரீஸும் காற்றுப்பட்டு, தூசியோடு சேர்ந்து, பழுப்புநிறப் பிசினாக இறுகியிருக்கும். பல வீடுகளில் தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருப்பார்கள். அது நாட்பட்டால் சிக்கெடுத்துப் பிசுபிசுப்பாகி, இரும்புக்கு நன்மைக்குப் பதில் தீமையே செய்யும்.

தேவைப்படுவன: குழல் அளவுக்கு ஏற்ற பித்தளைப் பிரஷ், சுத்தக் கம்பி அல்லது குழலுக்குள் துணியை இழுக்க உதவும், என்.சி.சி.யில் பழகியவர்களுக்குத் தெரிந்த புல்த்ரூ கயிறு, ஃபிளானல் துணி, பழைய பல்துலக்கி, துப்பாக்கி எண்ணெய். எல்லாம் ஆயுதக் கடையில் கிடைக்கும். மண்ணெண்ணெய் இறுகிய பிசினை நன்றாகக் கரைக்கும், ஆனால் ஒரு சொட்டும் விடாமல் துடைத்து உலர்த்தி, உடனே எண்ணெய் பூச வேண்டும். மண்ணெண்ணெயை மட்டும் பூசிவிட்டால் துரு திரும்பி வரும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

குழலைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்யுங்கள். முன்வாயிலிருந்து இரும்புக் கம்பியைத் திணித்தால் வாயின் விளிம்பு தேய்ந்து குறி தவறத் தொடங்கும். பிரஷ் முழுதாக வெளியே வந்த பிறகே திருப்பி இழுக்க வேண்டும்.

துணி சிவப்பாக வந்துகொண்டே இருந்தால் அது துரு. பழைய தோட்டாக்களின் அடியில் ஊசி தட்டும் கேப்பில் உள்ள ரசாயனம் எரிந்த பின் உப்பாகப் படிந்து, ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். அந்த உப்பை எண்ணெய் கரைக்காது, நீர்தான் கரைக்கும். கடைசியாகச் சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த ரைபிள் என்று தெரிந்தால், கடைக்காரர் முன்னிலையில் வெந்நீரில் நனைத்த துணியை ஓட்டி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள்.

போல்ட்டின் வெளிப்பரப்பு, பூட்டிக்கொள்ளும் மடல்கள், சுட்ட பித்தளைக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடிப்பகுதி, ரைபிள் உடலில் போல்ட் ஓடும் பள்ளம் ஆகியவற்றைப் பல்துலக்கியால் தேய்த்து மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் விடுங்கள். போல்ட்டின் உள்ளே இருக்கும் ஊசியையும் ஸ்பிரிங்கையும் பிரிக்க வேண்டாம். அது கடையின் வேலை.

6. எங்கே சிக்குகிறது என்று கண்டறிதல்

சோதனைக்கு உயிருள்ள தோட்டாவை வீட்டில் ஒருபோதும் ஏற்றாதீர்கள். கடையில் வெற்றுத் தோட்டா, அதாவது கேப்பும் மருந்தும் இல்லாத டம்மி, இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

*போல்ட் கனமாக நகர்கிறது.* சுத்தம் செய்த பிறகும் ஒரே இடத்தில் உராய்ந்தால், அங்கே பளபளப்பான கோடு தெரியும். மரக்கட்டை ஈரத்தில் உப்பி உடலை அழுத்துவதும் காரணமாகலாம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் பொள்ளாச்சிப் பக்கத்தில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம்.

*தோட்டா மேலே எழும்பவில்லை.* மேகசினின் ஸ்பிரிங் நெடுநாள் அழுந்திக் கிடந்தோ துருப்பிடித்தோ தளர்ந்திருக்கும், அல்லது தோட்டாவைத் தாங்கும் தட்டு அழுக்கில் ஒட்டியிருக்கும். தட்டை விரலால் அழுத்திவிட்டால் தடையின்றி எழ வேண்டும். இது சரியாக இருந்தும் சிக்கினால் விளிம்பைப் பாருங்கள். .315 தோட்டாவின் அடியில் துருத்திக்கொண்டு ஒரு விளிம்பு உண்டு. மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டினால் இரண்டும் கொக்கி போட்டதுபோல் பூட்டிக்கொள்ளும். ரைபிளில் எந்தக் குறையும் இல்லாமலேயே வரும் சிக்கல் இது. இதை அறியாமல் நல்ல மேகசினின் உதடுகளை இடுக்கியால் வளைத்துக் கெடுப்பவர்கள் உண்டு.

*ஏறுகிறது, ஆனால் போல்ட் மூடவில்லை.* தோட்டா அறையில் துருவோ இறுகிய கிரீஸோ இருக்கும். கையின் முழு பலத்தையும் போட்டு மூடாதீர்கள். அறையை மறுபடி சுத்தம் செய்தும் மூடவில்லையென்றால் கடைக்குச் செல்லுங்கள்.

*வெளியே இழுக்கவில்லை.* எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் முனை மழுங்கியோ அதன் ஸ்பிரிங் பலமிழந்தோ அடியில் அழுக்கு சேர்ந்தோ இருக்கும். அழுக்கு மட்டும் உங்கள் வேலை. டம்மியை இழுத்துவிட்டு, சுட்ட கூட்டை மட்டும் இழுக்க மறுத்தால், அறையின் சுவர் துருவால் குழிவிழுந்து, வெடிப்பில் விரியும் பித்தளை அந்தக் குழிகளைப் பற்றிக்கொள்கிறது என்று பொருள். இது எண்ணெயால் தீராது. அறைக்குள் எண்ணெய் விட்டுச் சுடுவதும் கூடாது, ஏனெனில் பித்தளை சுவரைப் பற்றாமல் வழுக்கி, வெடிப்பின் அழுத்தம் முழுவதும் போல்ட்டின் மேல் விழும்.

*ஊசி.* போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்த நிலையில் போல்ட் முகத்தைப் பாருங்கள். ஊசியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது உள்ளே பிசினில் சிக்கியிருக்கிறது. அந்த நிலையில் தோட்டா ஏற்றினால், போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். இதைக் கண்டால் வேறு எதையும் சோதிக்காமல் நிறுத்திவிடுங்கள்.

போல்ட் எண் பொருந்தியிருந்தாலும், மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பழைய ரைபிளில் பூட்டு மடல்கள் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால், சுட்ட கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையமோ விரிசலோ தெரியும். அந்த அடையாளம் தெரிந்த ரைபிளைச் சரிசெய்யாமல் இன்னொரு தடவை சுடக்கூடாது.

7. பழைய தோட்டாக்கள்

ரைபிளோடு திரும்பி வந்த தோட்டாக்களைப் பயன்படுத்த வேண்டாம். பச்சைக் களிம்பு பிடித்தது, நசுங்கியது, தலை தளர்ந்தது எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். உள்ளே மருந்து கெட்டிருப்பது தெரியாது. பாதி எரிந்த மருந்து குண்டைக் குழலின் நடுவில் நிறுத்திவிட்டால், அடுத்த தோட்டா குழலை வெடிக்கச் செய்யும். பழையவற்றைக் கடையிலோ காவல் நிலையத்திலோ ரசீது பெற்று ஒப்படைத்துவிடுங்கள். கிணற்றில் போடுவது, தோட்டத்தில் புதைப்பது இரண்டும் ஆபத்து. கணக்கில் குறைந்த தோட்டாவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியும் வரும். புதியவற்றை உரிமத்தில் குறித்துள்ள எண்ணிக்கைக்குள் வாங்கி, கடைக்காரர் உரிமத்தில் பதிவிட்டதைச் சரிபார்த்த பிறகே வெளியே வாருங்கள்.

8. சுட்டுப் பார்ப்பது

சரியாகிவிட்டதா என்று தோட்டத்துச் சாளையில் நின்று வானத்தை நோக்கிச் சுடுவது அந்தக் காலத்துப் பழக்கம். அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டுப் பிறர் பாதுகாப்புக்கு ஊறு செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பயிரில் இறங்கிய காட்டுப்பன்றியின் மேல் சோதித்துப் பார்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின்படி வேட்டையாகும். பயிர்ப் பாதுகாப்புக்கென வாங்கிய உரிமம் விலங்கைக் கொல்லும் அனுமதி அல்ல.

ரைபிள் கிளப்பின் சுடுதளம்தான் இடம். அந்தத் தளம் .315 போன்ற பெரிய ரைபிளுக்கு ஏற்றதா, உறுப்பினர் அல்லாதவரை அனுமதிப்பார்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பல தளங்கள் .22 அளவுக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் மட்டும் அமைந்தவை. குழலில் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிட்டு, முதலில் ஒரே ஒரு தோட்டா மட்டும் ஏற்றிச் சுடுங்கள். கூட்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மேகசினை நிரப்புங்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் திசையிலேயே வைத்து முழு ஒரு நிமிடம் காத்திருந்து திறங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு. ஓசை வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால், குண்டு குழலைவிட்டு வெளியேறியதா என்று பார்க்காமல் அடுத்ததை ஏற்றாதீர்கள்.

9. மறுபடி வைக்கும்போது

தோல் உறையில் வைக்காதீர்கள்; தோல் ஈரத்தைப் பிடித்து, பதனிட்ட ரசாயனத்தோடு சேர்த்து இரும்பில் ஏற்றும். எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டிய இரும்பு அலமாரியில் நிறுத்தி வையுங்கள். தோட்டாவைத் தனியே பூட்டுங்கள். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று ஈரத்தோடு வீசும்போதும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மாதம் ஒரு முறை எடுத்துத் துடையுங்கள். மற்ற மாதங்களில் இடைவெளி கூடினாலும் பரவாயில்லை.

தேர்தலுக்கு ஒப்படைக்கும் முன்னும் இதே போல் எண்ணெயிட்டு, குழலின் வாயில் எண்ணெய்த் துணியைச் செருகி, அதன் நுனியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, ரசீதில் அதையும் எழுதச் சொல்லுங்கள். குளவியும் புகாது, நாடா தொங்குவதால் துணியை எடுக்க மறக்கவும் முடியாது. முடிவு வெளியான வாரத்திலேயே போய் எடுத்துவிடுங்கள். உரிமம் முடியும் தேதிக்கு 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் மட்டுமன்றி, உங்களுக்கு அடுத்து உரிமம் பெறப்போகிறவரின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.